வந்த பணம் பற்றா, வரவா?



"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. அளந்தால் மட்டும் போதாது, அளந்ததை எழுதியும் வைக்கவேண்டும் என்பதைக் குடும்பம் நடத்தும் ஒவ்வொருவரும் அறிவர். அவ்வாறு எழுதிவைக்கும் கலையை நம் மேல்நிலைப் பள்ளிகளில் வணிகவியல் பிரிவைத் தேர்ந்துகொள்ளும் பிள்ளைகள் பதினோராம் வகுப்பில் முதன்முதலாகச் சந்திக்கின்றனர். 'கணக்குப்பதிவியல்' என்பது அப்பாடத்தின் பெயர். பத்தாம் வகுப்புவரை அவர்கள் அதைப் பாடமாகக் கற்றதில்லை. ஆகவே, மற்றப் பாடங்களில் ஓரளவு காலூன்றி நிற்கும் பிள்ளைகூட இதில் தட்டுத் தடுமாறுவது உண்டு.

காலாண்டுத் தேர்வு முடிந்து மதிப்பெண் அட்டை வந்த நாள்களில் ஒரு மாலைப் பொழுது. நம் பங்கைச் சேர்ந்த கைம்பெண் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தார். தெருமுனையில் சிறிய மளிகைக் கடை நடத்திப் பிள்ளைகளை ஆளாக்கிவருபவர் அவர். (அவர்தம் இசைவோடுதான் இதனை எழுதுகிறோம், அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுள்ளோம்.)

"சாமி, இவளுக்கு இந்தக் கணக்குப் பாடம் ஏறவே மாட்டேங்குது. நூற்றுக்குப் பதினெட்டு வாங்கியிருக்கா. பள்ளிக்கூடத்தில் சொல்லி வேற குரூப்புக்கு மாத்தித் தரணும். இல்லேன்னா படிப்பை நிறுத்திட்டுக் கடையில் உட்காரட்டும். அந்தக் கடையும் இன்னும் எத்தனை நாளைக்கு ஓடுமோ தெரியலை" என்றார் அத்தாய்.

மகள் தலைகுனிந்து நின்றாள். நாம் அவளை அமரச் செய்து, "பாடத்தில் உனக்கு என்ன தெரியும், சொல்லம்மா" என்றோம். அவள் உடனே பற்று வரவு விதிகள் மூன்றையும் ஓர் எழுத்துப் பிழையின்றி ஒப்பித்தாள். பெறுபவர் பற்று, தருபவர் வரவு. உள்ளே வருவது பற்று, வெளியே செல்வது வரவு. செலவும் நட்டமும் பற்று, வருமானமும் இலாபமும் வரவு. மறைக்கல்வி வகுப்பில் மந்திரங்களை ஒப்பிக்கும் அதே வேகம்!

"நல்லது. உன் அம்மா கடையில் ஐந்நூறு ரூபாய்க்குச் சரக்கு விற்றார். கல்லாவில் பணம் விழுந்தது. அது பற்றா, வரவா?"

"பற்று, ஃபாதர்."

"ஏன்?"

"உள்ளே வருவது பற்று."

"சரி, பற்று என்றால் என்ன?"

அவளிடமிருந்து விடை வரவில்லை. சற்று நேரங் கழித்து மெல்லிய குரலில் அவள் கூறினாள்: "எங்க வீட்டில் அம்மா அதை வரவுன்னுதான் எழுதுவாங்க, ஃபாதர். பள்ளிக்கூடத்தில் பற்றுன்னு சொல்றாங்க. பரீட்சைக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணுன்னு நான் வைச்சுக்கிட்டேன்."

பரீட்சைக்கு ஒன்று, வீட்டிற்கு ஒன்று! பதினெட்டு மதிப்பெண்ணுக்கான காரணம் இச்சொற்களில் அடங்கியிருந்தது. இந்தத் திங்கள் அதைப்பற்றியே உங்களோடு உரையாட விழைகிறோம்.

கல்லாப்பெட்டியும் ஓர் ஆள்

அப்பெண்ணின் குழப்பம் அறிவின்மையால் எழுந்தது அன்று. அவள் கவனித்ததால் எழுந்தது. நம் வீடுகளில் 'வரவு செலவு' என்னும்போது வரவு என்பது கைக்கு வந்த பணம். கணக்குப்பதிவியல் ஏட்டிலோ ரொக்கக் கணக்கின் பற்றுப் பக்கத்தில் வந்த பணமும், வரவுப் பக்கத்தில் போன பணமும் எழுதப்படுகின்றன. தாய்மொழியில் பயிலும் பிள்ளைக்கு இது தலைகீழாகத் தோன்றாமல் வேறெப்படித் தோன்றும்?

"உன் அம்மா கடன் எழுதும் நோட்டைக் கொண்டு வா" என்றோம். மறுநாள் வந்தது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம். வாங்கிச் சென்ற சரக்கிற்கு 'பற்று' என்றும், அவர் கொண்டுவந்து கொடுத்த பணத்திற்கு 'வரவு' என்றும் அத்தாய் ஒழுங்காக எழுதியிருந்தார். ஒருவர் 340 ரூபாய்க்குச் சாமான் எடுத்திருக்கிறார்: பற்று 340. மாதப் பிறப்பில் 300 கொடுத்திருக்கிறார்: வரவு 300. அவர் இன்னும் தரவேண்டியது 40.

"பார்த்தாயா அம்மா? பற்று என்றால் அவர் பற்றிக்கொண்டது, அதாவது பெற்றுக்கொண்டது. வரவு என்றால் அவரிடமிருந்து வந்தது. உன் புத்தகம் சொல்லும் முதல் விதியை உன் தாய் பல ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வருகிறார். இப்போது ஒன்று செய். கல்லாப்பெட்டியையும் ஓர் ஆளாக எண்ணிக்கொண்டு, அதற்கும் இந்த நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கு. வாடிக்கையாளர் 300 கொடுத்தார். அவர் பக்கத்தில் அது வரவு. அந்த 300-ஐ யார் பற்றிக்கொண்டார்?"

"கல்லாப்பெட்டி!"

"அப்படியானால் கல்லாப்பெட்டியின் பக்கத்தில் அது என்ன?"

அவள் விடை சொல்லவில்லை, சிரித்தாள். மூன்று மாதமாக ஒப்பித்துவந்த விதி அன்றுதான் அவளுக்குப் பொருள்பட்டது. ஒரே நிகழ்ச்சி, இரண்டு பக்கங்கள். போய்ச் சேர்ந்த இடம் பற்று. புறப்பட்ட இடம் வரவு. இரட்டைப்பதிவு முறையின் அடிப்படை இதுவே. கூலி கொடுத்தால் பணம் கல்லாவிலிருந்து புறப்பட்டது, கூலி என்னும் செலவில் போய்ச் சேர்ந்தது. தையல் இயந்திரம் ஓராண்டு உழைத்துத் தேய்ந்தால், அதன் மதிப்பில் ஒரு பகுதி இயந்திரத்திலிருந்து புறப்பட்டது, அந்த ஆண்டின் செலவில் போய்ச் சேர்ந்தது. மூன்று விதிகளும் இந்த ஒன்றின் மூன்று முகங்களே.

யாருடைய ஏடு?

இன்னொரு முடிச்சும் உண்டு. இன்று நம் வீடுகளில் அலைபேசி இல்லாத வீடு அரிது. வங்கியில் நாம் பணம் போட்டால் 'கிரெடிட்' செய்யப்பட்டது என்றும், எடுத்தால் 'டெபிட்' செய்யப்பட்டது என்றும் குறுஞ்செய்தி வருகின்றது. வங்கிப் புத்தகத்திலும் போட்ட பணம் வரவுப் பக்கத்தில் நிற்கிறது. 'நம் பணம் உயர்ந்தால் வரவு' என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. பள்ளியிலோ வங்கியில் பணம் செலுத்தினால் வங்கிக் கணக்கைப் பற்று செய்யச் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரியே. வங்கிப் புத்தகம் நம்மைப்பற்றி வங்கி எழுதும் ஏட்டின் நகல். வங்கியின் பார்வையில் நாம் கொடுத்தவர். ஆகவே நமக்கு வரவு. நம் ஏட்டில் வங்கி பெற்றுக்கொண்டவர். ஆகவே வங்கிக்குப் பற்று. பேனாவைத் திறக்குமுன் 'இது யாருடைய ஏடு?' என்று கேட்கப் பழகிய பிள்ளைக்கு இவ்விடத்தில் குழப்பமே இராது.

'முதல் போட்டவர் உரிமையாளர். அந்த முதலை எதற்காகப் பொறுப்புகள் பக்கத்தில், கடனோடு கடனாக எழுதுகிறார்கள்?' என்பது மாணாக்கர் பலரும் கேட்கும் கேள்வி. அதற்கும் இதுவே விடை. ஏடு கடையினுடையது, உரிமையாளருடையது அன்று. கடையின் பார்வையில் உரிமையாளரும் பணம் கொடுத்தவர்களுள் ஒருவர். கடை அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

ஒரு துறவி எழுதிய பாடநூல்

இம்முறையின் பிறப்பிடம் இத்தாலிய வணிக நகரங்கள். 1340ஆம் ஆண்டைச் சேர்ந்த ஜெனோவா நகராட்சியின் ஏடுகள் இரட்டைப்பதிவாகவே எழுதப்பட்டுள்ளன. ஆயினும் இதனை அச்சேறிய நூலில் முறையாக விளக்கி உலகறியச் செய்தவர் பிரான்சிஸ்கன் சபைத் துறவி லூக்கா பச்சோலி. 1494ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் அச்சான அவரது பெரிய கணித நூலின் ஒரு பகுதி வணிகர் ஏடுகளைப் பற்றியது. ஏழ்மையை வாக்குறுதியாக ஏற்ற அசிசியாரின் மகன் ஒருவர் வணிகருக்குக் கணக்கெழுதக் கற்பித்தார் என்பது நமக்கு வியப்பளிக்கலாம். ஆனால் அவர் இளமையில் வெனிஸில் ஒரு வணிகரின் புதல்வர்களுக்கு ஆசிரியராக இருந்தவர். கணக்கு மாணவரின் இடர்ப்பாடு அவருக்குத் தெரிந்திருக்கும்.

இம்முறையைத் தாம் கண்டுபிடித்ததாக அவர் உரிமை கொண்டாடவில்லை. வெனிஸ் வணிகரிடையே வழங்கிய முறையையே விளக்கினார். நிகழ்ந்ததை நிகழ்ந்தபடி அன்றே எழுதிக்கொள்ளும் நினைவேடு, அதைப் பற்று வரவாகப் பிரித்தெழுதும் குறிப்பேடு, ஒவ்வொரு கணக்கையும் அதனதன் பக்கத்தில் சேர்க்கும் பேரேடு என மூன்று ஏடுகளை அவர் விவரிக்கிறார். முதல் ஏட்டின்மேல் சிலுவை அடையாளம் இடவேண்டும் என்பதும் அவர் அறிவுரை. பொய் எழுதக்கூடாத இடம் இது என்பதை வணிகனின் கைக்கு நினைவூட்ட இதைவிட நல்ல அடையாளம் உண்டோ?

குருமடத்தில் நாம் கற்ற சிறிதளவு இலத்தீனும் இங்கே உதவிக்கு வருகிறது. 'டெபிட்' என்னும் சொல்லின் வேர் 'கடன்பட்டிருக்கிறான்' என்னும் பொருளுடையது. 'கிரெடிட்' என்பதன் வேரோ 'நம்புதல்'. விசுவாச அறிக்கையின் முதற் சொல்லாகிய 'கிரேதோ' பிறந்த அதே வேர். பெற்றவன் கடன்பட்டவன், கொடுத்தவன் நம்பிக் கொடுத்தவன். பற்று தீயதும் அன்று, வரவு நல்லதும் அன்று. இருவருக்கிடையே உள்ள கடமையையும் நம்பிக்கையையும் எழுதிவைக்கும் இரண்டு பக்கங்களே அவை.

இரண்டு வகைக் கற்றல்

1976ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெரென்ஸ் மார்ட்டன், ரோஜர் சேல்யோ என்னும் இருவர் தம் ஆய்வொன்றை வெளியிட்டனர். மாணாக்கரிடம் ஒரு கட்டுரையைக் கொடுத்து வாசிக்கச் செய்து, பின்னர் அதைப்பற்றி வினவினர். ஒரு சாரார் என்ன கேள்வி வரும் என்பதிலேயே கருத்தூன்றிச் சொற்களை மனத்தில் இருத்த முயன்றிருந்தனர். மற்றொரு சாரார் எழுதியவர் சொல்லவந்தது யாது என்று தேடியிருந்தனர். முன்னதை மேலோட்டமான கற்றல் என்றும், பின்னதை ஆழ்ந்த கற்றல் என்றும் அவர்கள் அழைத்தனர். பிரித்தானியாவில் தொடக்கநிலைக் கணக்கியல் பயில்வோரை நேரில் உசாவி ஆராய்ந்த உர்சுலா லூக்காஸ் என்னும் பேராசிரியை, 2000ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், அம்மாணாக்கர் இரு வேறு உலகங்களில் வாழ்வதாகக் கண்டார். கடந்தாகவேண்டிய தடையென்று பாடத்திலிருந்து விலகி நிற்போரின் உலகம் ஒன்று. தம் வாழ்வோடு அதைப் பொருத்திப் பார்த்து ஈடுபடுவோரின் உலகம் மற்றொன்று.

கடல் கடந்த நாட்டில் கண்ட இவ்விரு உலகங்களும் நம் பங்கு மன்றத்தில் மாலைப் படிப்புக்கு வரும் பிள்ளைகளிடையேயும் இருக்கின்றன. இறுதிக் கணக்கு போடும் மாணவன் ஒருவனைக் கவனித்தோம். 'கொடுபடவேண்டிய கூலி' என்று கண்டவுடன், கூலியோடு ஒருமுறை கூட்டினான். இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கத்தில் மறுமுறை எழுதினான். இரண்டும் சரியே. "ஏன் இரண்டு இடத்தில் எழுதினாய், தம்பி?" என்றோம். "கீழே கொடுத்திருப்பதை எல்லாம் ரெண்டு இடத்தில் எழுதணும், ஃபாதர்; சார் சொல்லியிருக்கார்" என்றான்.

அவன் தந்தை கட்டட வேலைக்குச் செல்பவர். "உன் அப்பா மார்ச்சு மாதம் முப்பத்தோராம் நாள்வரை வேலை செய்துவிட்டார். கூலி ஏப்ரலில்தான் கிடைக்கும். அவர் உழைப்பு எந்த ஆண்டுக் கட்டடத்தில் சேர்ந்தது?" என்றோம். "மார்ச்சோடு முடிகிற ஆண்டில்." "ஆகவே அந்த ஆண்டின் செலவில் சேரவேண்டும். இன்னும் கொடுக்கவில்லையே?" "முதலாளி அப்பாவுக்குக் கடன்பட்டிருக்கிறார்!" உழைத்தவனுக்குக் கொடுக்காத கூலி முதலாளியின் பணம் அன்று, அது கடன் என்று அந்த ஒரு வரி சாட்சி சொல்கிறது. நீதியைப் பற்றி நாம் ஆற்றும் மறையுரைகளைக் காட்டிலும் அவ்வரி அவன் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்திருக்கும் என நம்புகிறோம்.

சமன்பட்டால் போதுமா?

மாணாக்கரிடம் காணும் பெருங்குறை இன்னொன்று. இருப்பாய்வின் இரு பக்கமும் ஒத்துவிட்டால் கணக்கு சரி என்று பேனாவை மூடிவிடுகின்றனர். ஒத்துவராவிட்டாலோ, சிலர் எங்கேனும் ஓர் எண்ணைத் திருத்தி ஒத்துவரச் செய்கின்றனர். பிறரைக் குற்றஞ் சொல்லுமுன் நம் குற்றத்தை முதலில் அறிக்கையிடுவது முறை.

நாம் இளங்குருவாய், ஒரு பங்கில் உதவிப் பங்குக் குருவாக இருந்த காலம். கோயில் கணக்கை எழுதும் பொறுப்பு நமக்கு. ஒரு திங்கள் முடிவில் ஏட்டின்படி இருக்கவேண்டியதைவிடப் பெட்டியில் 90 ரூபாய் குறைந்தது. இரண்டு இரவு கூட்டிப் பார்த்தோம், புலப்படவில்லை. பெட்டி இருந்த அறைக்குள் வந்துபோகும் முதிய கோயில்பிள்ளைமேல் நம் மனம் ஐயங்கொண்டது. வாய்திறந்து கேட்கவில்லை, ஆனால் அவர் முகத்தை நேரே நோக்கவும் நம்மால் இயலவில்லை. இறுதியில் 'சில்லறைச் செலவு 90' என்று எழுதிக் கணக்கை முடித்தோம். ஏடும் பெட்டியும் ஒத்துவிட்டன.

பங்குக் குருவானவர் ஏட்டைப் புரட்டினார். "இந்தச் சில்லறைச் செலவுக்குச் சீட்டு எங்கே?" என்றார். நடந்ததைச் சொன்னோம். அவர் சினங்கொள்ளவில்லை. "90 ஒன்பதால் வகுபடும் எண். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எண்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பாரும்" என்றார். சீட்டுகளைப் புரட்டினோம். மெழுகுதிரிக் கடைச் சீட்டு 540 ரூபாய்; ஏட்டில் நம் கையெழுத்தில் 450!

"சுவாமி, நீர் தவறாக எழுதியது பிழை. அதை மறைக்க எழுதினீரே, அது பொய். பிழை யாருக்கும் நேரும். அந்தப் பொய்யோ ஒரு மனிதரின் நல்ல பெயரை உம் மனத்தில் கொன்றுவிட்டது" என்றார் அம்முதியவர். அன்று மாலை கோயில்பிள்ளையிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. விளக்கியபோது அவர் கண் கலங்கினார். அந்த 90 ரூபாயை இன்றளவும் நாம் மறக்கவில்லை.

ஏடு சமன்படுவது ஓர் அடையாளம் மட்டுமே. அது உண்மைக்குச் சான்று ஆகாது. முழுவதும் எழுதாமல் விட்ட நிகழ்ச்சியை இருப்பாய்வு காட்டிக்கொடுக்காது. ஒருவர் கணக்கில் எழுதவேண்டியதை மற்றொருவர் கணக்கில் எழுதினாலும் காட்டாது. ஒரு பிழை மற்றொரு பிழையை ஈடுசெய்துவிட்டாலும் காட்டாது. 2009ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஐதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத் தலைவர், தம் நிறுவனத்தின் ஏட்டில் காட்டியிருந்த ரொக்க, வங்கி இருப்பில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லாத பணம் என்று தாமே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். பல ஆண்டுகளாக அந்நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் இரு பக்கமும் ஒத்தே இருந்தன!

"இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுவிடுகிறது, நாம் ஏன் கற்கவேண்டும்?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கும் இதுவே மறுமொழி. கடைகளில் வழங்கும் கணக்கு மென்பொருள் பற்றும் வரவும் ஒத்துவராத பதிவை ஏற்க மறுக்கும், கூட்டலில் தவறாது. ஆனால் வீட்டுக்கு வாங்கிய குளிர்சாதனப் பெட்டியைக் கடைச் செலவென்று எழுதினால், அதற்குத் தெரியாது. அது எழுதுபவரின் அறிவுக்கும் மனச்சான்றுக்கும் உரிய வேலை.

கடையும் வீடும்

இனி அந்தத் தாயிடமும் மகளிடமும் திரும்புவோம். மகளிடம் ஒரு புதிய நோட்டைக் கொடுத்து, "ஒரு மாதம் உன் கடையின் கணக்கை நீயே எழுது. புத்தகக் கணக்கை அப்புறம் பார்ப்போம்" என்றோம். மாதத்தின் முதல் நாளும் கடைசி நாளும் அவள் அலமாரிச் சரக்கை எண்ணி, வாங்கிய விலையில் மதிப்பிட்டாள். வீட்டுச் சமையலுக்கு எடுத்த அரிசியையும் எண்ணெயையும் 'எடுப்பு' என்று தனியே குறித்தாள்.

மாத முடிவில் கண்டது இது. ஆரம்பச் சரக்கு 41,000, கொள்முதல் 55,000, வீட்டுக்கு எடுத்த சரக்கு 3,200, இறுதிச் சரக்கு 39,800. ஆகவே விற்ற சரக்கின் அடக்கம் 53,000. விற்பனை 62,000. வாடகை 2,500, மின்கட்டணம் 700 போகக் கடையின் இலாபம் 5,800 ரூபாய்.

தாய் நம்பவில்லை. "மாசா மாசம் கையைக் கடிக்குதே சாமி! இலாபம்னா எங்கே போச்சு?" என்றார். மகள்தான் விளக்கினாள். சரக்காக வீட்டுக்குப் போனது 3,200. ரொக்கமாகப் போனது 2,000. காலஞ்சென்ற தந்தையின் மருத்துவத்திற்காக வாங்கிய கடனுக்கு வட்டி 3,000. அதையும் கல்லாவிலிருந்தே கொடுத்துவந்தார்கள். ஆக எடுப்பு 8,200. கடை ஈட்டியது 5,800. மாதந்தோறும் 2,400 ரூபாய் முதலில் கரைகிறது. "கடை நட்டத்தில் ஓடலைம்மா. அப்பாவோட கடனைக் கடைதான் சுமக்குது" என்றாள் அவள்.

அத்தாய் நெடுநேரம் பேசவில்லை. நட்டம் என்று எண்ணிக் கடையை மூடிவிடும் முடிவில் இருந்தவர் அவர். மூடியிருந்தால் அந்த 5,800-உம் போயிருக்கும். வட்டி மட்டும் நின்றிருக்கும். அத்துயரம் ஒரு நோட்டால் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்லவரவில்லை. கடன் இருக்கத்தான் செய்கிறது. மகளிர் குழு வழியாகக் குறைந்த வட்டிக்கு அதை மாற்றும் முயற்சி நடைபெறுகிறது. ஆனால் நோய் எந்த உறுப்பில் என்று தெரிந்துவிட்டது.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

பெற்றோரே, அறிவியல் பிரிவில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு ஒதுக்கப்பட்ட கடைசிப் பெஞ்சு என்று வணிகவியலைப் பேசாதீர்கள். பெற்றோர் இழிவாய்ப் பேசும் பாடத்தில் பிள்ளை எங்ஙனம் மனம் வைக்கும்? மனப்பாடம் செய் என்று விரட்டுவதைவிட, உங்கள் வீட்டின் மெய்யான கணக்கு ஒன்றை அவர்கள் கையில் கொடுங்கள். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, ஆடு கோழிக் கணக்கு எதுவாயினும் சரி. அதில் நீங்கள் மறைக்க விரும்பும் வரி ஏதேனும் இருந்தால், அதுவும் பிள்ளைக்கு ஒரு பாடமாகிவிடும் என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

மாணாக்கரே, விதிகளை மனப்பாடம் செய்வது தவறன்று. செபங்களையும் நாம் அவ்வாறுதான் முதலில் கற்றோம். அங்கேயே நின்றுவிடுவதுதான் தவறு. ஒவ்வொரு பதிவுக்கு முன்னும் கேளுங்கள்: இது யாருடைய ஏடு? எது புறப்பட்டது, எங்கிருந்து? எங்கே போய்ச் சேர்ந்தது? பிழை நேர்ந்தால் சுரண்டி அழிக்காதீர்கள். தவறிய பதிவு தவறியபடியே நிற்க, அதைச் சரிசெய்யும் பதிவை அடுத்து எழுதுவதே கணக்கரின் மரபு. ஒப்புரவு அருள்சாதனத்தை அறிந்த நமக்கு இம்மரபின் நேர்மையை விளக்கத் தேவையில்லை. சுங்கச் சாவடியில் கணக்கோடு அமர்ந்திருந்த புனித மத்தேயுவைத் திருச்சபை கணக்கர்களின் பாதுகாவலராகக் கொண்டாடுவதும் பொருத்தமே.

அரையாண்டுத் தேர்வில் அப்பெண் 51 மதிப்பெண் பெற்றாள். பள்ளியில் அது பெரிய மதிப்பெண் அன்று. ஆனால் அண்மையில், பங்குத் திருவிழாக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தோம். மாலையில் அவள் வந்து நின்றாள்.

"ஃபாதர், பந்தல்காரருக்குக் கொடுத்த முன்பணம் ஐயாயிரத்தை ஒரு தடவை செலவில் காட்டியிருக்கீங்க. அப்புறம் அவருக்குக் கொடுத்த முழுத்தொகைக்குள்ளும் அது இருக்கு. ரெண்டு தடவை வந்துடுச்சே!"

சீட்டுகளை எடுத்துப் பார்த்தோம். அவள் சொன்னதே சரி. பழைய தாளை அகற்றவில்லை. அதன் கீழேயே திருத்தத்தை எழுதிக் கையொப்பமிட்டோம். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிவில், அத்தவறு நம்முடையது என்றும், அதைக் கண்டவர் பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் என்றும் மக்களுக்கு அறிவித்தோம். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மளிகைக் கடைத் தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை அங்கிருந்தே கண்டோம்.